என் வீட்டு வைஃபைக்கு அவன் வைத்த பாஸ்வேர்ட்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். மழை வருகிற மாதிரி பாவனை மட்டும். புழுக்கம் தாங்கவில்லை.

செய்ய வேண்டியவை: காஸ் புக் பண்ண. பைப்புக்கு வாஷர். பின் அறையில் வைஃபை எடுப்பதில்லை, அதைப் பார்க்க.

முதல் இரண்டும் முடிந்தன. மூன்றாவதில்தான் வினை.

பின் அறை பவியின் அறை. நடுவில் பழைய காலத்துச் சுவர், அதைத் தாண்டி சிக்னல் போவதில்லை. ஹாலில் ஃபிரிட்ஜுக்கு மேல் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியை ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பிப் பார்த்தேன். கொம்புகளை நிமிர்த்தினேன், சாய்த்தேன். ஒன்றும் இல்லை.

"நைனா, நீ இறங்கு. சித்தப்பாவ கேட்டா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாரு."

பெற்ற மகள் சொன்னது. நான் ஸ்டூலின் மேல்.

சித்தப்பா என்பது என் சகலை தினகரன். என் மனைவி கோமளாவின் தங்கை சுமதியின் வீட்டுக்காரன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. பொங்கலுக்கு வந்தபோது கேபிள்காரர் கொடுத்த இந்தப் பெட்டியை அவன்தான் மாட்டி, ஏதோ தட்டி, "முடிஞ்சிச்சு அண்ணா" என்றான். அன்றிலிருந்து இந்த வீட்டில் எது நின்றுபோனாலும் தினா. மிக்ஸி ஓடவில்லை என்றால்கூட தினாவுக்கு போட்டோ அனுப்புகிறாள் கோமளா. நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிகல் ஃபிட்டர். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

வரும் சனிக்கிழமை ஆடிக் கிருத்திகை. தினா குடும்பம் வியாழனே வருகிறதாம். பவிக்கு நல்ல இன்ஜினியரிங் சீட்டு கிடைக்க வேண்டும் என்று மார்க் வந்த அன்றே வேண்டிக்கொண்டானாம், புஷ்ப காவடி எடுக்கிறான். இந்த வீட்டுக்குக் காவடி எடுக்கிறவன் நான். போன வருஷம் முட்டி மடங்கிப் போனதில் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடம் காலியானதும் ஆள் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். திருத்தணியிலிருந்து அரக்கோணம் வரை யூடியூபில் வைஃபை பாடம். வீட்டுப் பெட்டிக்கு உள்ளே ஒரு பக்கம் உண்டு, போனிலேயே திறக்கலாம். அதில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பகுதி. சேனல், அலை அகலம், பவர், இன்னும் என்னென்னவோ. பார்க்கப் பார்க்க ஆசை. இது மின்சாரம் மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாதது ஓடுகிறது, நாம் வழி ஒழுங்கு செய்கிறோம்.

சாயந்திரம் வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. என் வீடு, என் பணம், என் சுவர். எனக்கு பாஸ்வேர்ட் தெரியாது.

கோமளாவுக்குத் தெரிந்திருக்கிறது. "பொங்கலுக்கே சொல்லிட்டுப் போனாரே. ஏங்க, உங்களாண்ட சொல்லலையா?" என்று வெகு சாதாரணமாகக் கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே.

பாஸ்வேர்ட்: பவிகுட்டி, பக்கத்தில் அவள் பிறந்த வருஷம். ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து.

பவித்ரா என்று பேர் வைத்தவன் நான். பவிகுட்டி என்று முதலில் கூப்பிட்டவனும் நான். அதைத் தூக்கிக்கொண்டு போய் என் வீட்டுப் பெட்டிக்கே பூட்டுப் போட்டிருக்கிறான். வயிறு எரிந்தது. எழுதும்போதும் எரிகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். செருப்பு வார் அறுந்தது, ரயில் பிளாட்பாரத்தில் ஊக்கு வாங்கிக் குத்தி நடந்தேன்.

ஆனால் வெற்றி. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் எந்தச் சேனலில் ஓடுகிறது என்று ஒரு ஆப் காட்டுகிறது. எங்கள் தெரு முழுக்க ஆறாம் சேனலில் மொய்த்துக்கொண்டிருக்கிறது. பின்பக்க விசைத்தறிக்காரர் வீடு, மாடி வீட்டு டீச்சர், நாங்கள், எல்லாரும். பதினொன்றுக்கு மாற்றினேன். அலை அகலத்தைக் குறைத்தேன். பவரை 'ஹை' வைத்தேன். சேமி. பெட்டி ஒரு முறை கண் மூடித் திறந்தது.

பின் அறையில் மூன்று கோடு.

பவி ஓடி வந்தாள். "நைனா, சூப்பரா எடுக்குது. சித்தப்பா அங்கிருந்தே மாத்திட்டாரா?"

"நான் மாத்தினேன்."

"நீயா?" என்றாள். பிறகு "ஆங், சரி சரி" என்று உள்ளே போய்விட்டாள். அந்த 'நீயா' இன்னும் காதில்.

பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். புதியது எனக்கு மட்டும் தெரியும். இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஒர்க்‌ஷாப்பில் வேலை அதிகம். இடது முட்டி வலி. எண்ணெய் தேய்க்க.

கவுன்சலிங் விஷயம். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று பவி வரிசைப்படுத்தி இணையத்தில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். அதற்கு மேல் ஏற்ற முடியாது, இந்தச் சுற்று போச்சு. எனக்கு ஆசை, திருவள்ளூர்ப் பக்கம் ஏதாவது ஒன்று. காலையில் ரயில் ஏறினால் சாயந்திரம் வீடு. என் ரயிலிலேயே மணவூர் வரைகூடப் பேச்சுத் துணைக்குப் போகலாம். அரக்கோணத்துக்கு அப்பால் எனக்கென்ன வேலை என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

இன்றைக்கே ஏற்றிவிடு என்றேன். கோமளா பாய்ந்தாள். "காவடி மலமேல இறங்கற வரைக்கும் யாரும் அதுல கை வெக்கக் கூடாது. வேண்டிகினு அவரு சொமக்கறாரு, நீங்க முன்னாடியே போட்டா சாமிக்கு இன்னா மரியாதை?"

இது இந்த வீட்டு வழக்கம்தான், நானே ஏற்படுத்தியது. மனைப் பத்திரம், பைக், என் பிரமோஷன் பரீட்சைக்குப் பணம் கட்டினது, எல்லாம் காவடி இறக்கிய பிறகே கையெழுத்து. அப்போதெல்லாம் காவடி என் தோளில் இருந்தது.

சாயந்திரம் பின் அறைப் பக்கம் போனேன், துணி எடுக்க. பவி போனில். "கோயம்புத்தூர்தான் சித்தப்பா மொதல்ல... ஆங்... நைனாகிட்ட நான் சொல்லல... நீங்களும் சொல்லாதீங்க."

துணியை எடுக்காமலே வந்துவிட்டேன்.

அப்படியா சங்கதி. என் மகளை ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரத்துக்கு அனுப்ப அவன் திட்டம் போடுகிறான். நான் மூன்று கோடு வரவழைத்துக் கொடுத்த வைஃபையில் அவனோடு ரகசியம் பேசுகிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூறல். வந்தார்கள். சுமதி "பாவா, இளைச்சுட்டீங்களே" என்றாள், இட்லி மாவு புளித்துக்கொண்டிருந்த வாளியைத் தாண்டிக்கொண்டே. எனக்கு ஒரு வேட்டி, பவிக்கு ஒரு நல்ல பை. கல்லூரிக்குக் கொண்டுபோகிற மாதிரி. எவ்வளவு முன்யோசனை.

தினா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் போன் கிணுங் கிணுங் என்றது. வைஃபை சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரன் 'வாங்க' என்று சொல்வதற்குள் வீட்டுப் பெட்டி சொல்லிவிட்டது. நான் மாற்றியது உள்பக்கத்து பாஸ்வேர்டை மட்டும். போன்கள் வைஃபையில் சேரக் கேட்கும் வெளி பாஸ்வேர்ட் பழையதே, அதுவும் அவன் வைத்ததே. அதை மாற்றினால் எல்லாருடைய போனும் கேட்கும், என்னைத்தான் பிடிப்பார்கள்.

சாப்பிடும்போது: "அண்ணா, பின் ரூம்ல சிக்னல் செமையா வருது. சேனல் மாத்துனீங்களாமே. நான் பொங்கலுக்கே பண்ணியிருக்கணும், விட்டுட்டேன். கரெக்டா புடிச்சிட்டீங்க."

எல்லார் எதிரிலும் பாராட்டினான். திட்டியிருந்தால் ஜீரணமாகியிருக்கும். பவி அவனைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல.

ரசம் நன்றாக இல்லை. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி. பரணி

விடுமுறை. தெருவெல்லாம் மஞ்சள் துணி. நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஜனம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. போன் பேசினால் விட்டு விட்டுக் கேட்கிறது. நாளை சுத்தமாக இருக்காது, வருஷா வருஷம் அப்படித்தான். வீட்டு வைஃபைதான் கதி.

அட்வான்ஸ்டு பகுதியில் ஒரு அருமையான இடம் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் மேக் அட்ரஸ் என்று ஒரு நம்பர் உண்டாம், பிறவி மச்சம் மாதிரி. அனுமதிக்கிற நம்பர்களை மட்டும் எழுதி வைத்தால், மற்றதை எல்லாம் பெட்டி உள்ளே விடாது. பாஸ்வேர்ட் தெரிந்தாலும் விடாது.

எழுதினேன். என் போன். கோமளா போன். பவி போன். டிவி. ஒவ்வொன்றிலும் 'போனைப் பற்றி' என்ற பக்கத்துக்குப் போய்ப் பார்த்து, கண்ணாடி போட்டு, எழுத்து எழுத்தாக. பவி போனை எடுத்ததற்கு "இன்னா நைனா பண்ணிகினு கீற?" என்றாள். சார்ஜ் எவ்வளவு என்று பார்த்தேன் என்றேன்.

தினா நம்பர் எழுதவில்லை.

பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நாளை மலையிலிருந்து இறங்கி வந்து அவன் போனைப் பார்க்க வேண்டும். "அண்ணா, வைஃபை எடுக்கலையே" என்று என்னிடம் கேட்க வேண்டும். எல்லார் எதிரிலும். நான் மெதுவாக எழுந்து போய், இரண்டு நிமிஷத்தில் சரி செய்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பேர் பொறாமை என்றால், ஆமாம், பொறாமைதான்.

இன்னும் 'சேமி' அழுத்தவில்லை. நாளை ராகுகாலம் போனபிறகு.

ஆகஸ்ட் 16, சனி. கிருத்திகை

சாயந்திரம். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடியற்காலையே எல்லாரும் சரவணப் பொய்கைக்குக் கிளம்பிவிட்டார்கள். தினா மஞ்சள் வேட்டி, தோளில் காவடி, இரண்டு பக்கமும் பூ. எடுப்பாகத்தான் இருந்தான். பவி அவன் பின்னால் தண்ணீர்ச் செம்போடு. வீட்டுக்கு நகரி சொந்தக்காரர்கள் வந்து போவார்கள் என்று நான் மட்டும்.

பத்தரைக்கு ராகுகாலம் முடிந்தது. சூடம் காட்டிவிட்டு 'சேமி' அழுத்தினேன். பெட்டி கண் மூடித் திறந்தது.

என் போன்: இணைக்க முடியவில்லை.

டிவி மட்டும் ஓடியது. கோமளா வீட்டில் விட்டுப்போன போனும் இணைக்க முடியவில்லை. மறுபடி, மறுபடி. உள்ளே போய் மாற்றலாம் என்றால், உள்ளே போவதற்கே முதலில் சேர வேண்டும். நான் மாற்றிய ரகசிய பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். டிவியில் அந்தப் பக்கம் திறக்கவில்லை, அது பழைய டிவி.

கேபிள்காரருக்கு போன் போகவில்லை. நடந்து போனேன், முட்டியோடு. ஷட்டர் பூட்டியிருந்தது. அவரும் காவடி. பெட்டியின் பின்னால் ஊசித் துளை இருக்கிறது, குத்தினால் எல்லாம் ஆரம்பத்துக்குப் போய்விடும். கேபிள்காரருடைய கணக்கு, பாஸ்வேர்ட் உட்பட. அது போனால் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், குத்தவில்லை. நடுவில் நகரிக்காரர்கள் வந்தார்கள். சாப்பாடு போட்டேன். என்ன பேசினேன் என்று தெரியாது.

மத்தியானமே வருவார்கள் என்று பார்த்தேன். கூட்டம். வரும்போது நாலு தாண்டிவிட்டது. தினாவின் பாதம் இரண்டும் கொப்புளம். பவி நேராகப் பின் அறைக்குப் போனாள்.

"நைனா, வைஃபை எடுக்கல."

கேட்க நினைத்த வாக்கியம்தான். கேட்ட வாய் வேறு.

தினா காலைக் கழுவாமலே தன் போனை எடுத்துப் பார்த்தான், பவி போனைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். "எல்லா போனையும் தள்ளுது. யாராச்சும் மேக் ஃபில்டர் போட்டாங்களா?"

கோமளா என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"நான்தான்" என்றேன். "நம்ம போன் நம்பர் எல்லாம் எழுதித்தான் போட்டேன்."

"'போனைப் பற்றி'ல பாத்து எழுதினீங்களா? இப்பல்லாம் போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் நம்பர்தாங்க அண்ணா காட்டும். அந்தப் பக்கத்துல இருக்கற நெஜ நம்பர காட்டாது. எல்லாரும் செய்யற தப்புதான்." அடக்கமாகச் சொன்னான். தன் நம்பர் அந்தப் பட்டியலில் உண்டா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

ஒயர் போட்டுப் பெட்டிக்குள் போகலாம் என்றால், அவன் லேப்டாப்பில் ஒயர் சொருக இடம் இல்லை. பவி அழ ஆரம்பித்தாள். "காவடி இறங்கிச்சு, எல்லாம் ஆச்சு, இப்ப போய்..."

"கண்டிகைப் பக்கம் போனா டவர் எடுக்கும்" என்றேன். கே.ஜி. கண்டிகை வரை கூட்டம் போகாது.

தினா எழுந்தான். "பைக் சாவி குடுங்க அண்ணா, நான் கூட்டிகினு போறேன்."

"எம்பொண்ண நான் கூட்டிகினு போறேன்." கத்திவிட்டேன். அந்தக் கால் கொப்புளத்தோடு அவன் உட்கார்ந்தான். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தெருமுனையில் தடுப்பு. வண்டி விடமாட்டார்கள். பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டு போனோம், எதிரே அரோகரா அரோகரா என்று ஜனம். பவி முன்னால் "வழி விடுங்க, வழி விடுங்க", ஆந்திராக்காரர்கள் வந்ததும் அதையே தெலுங்கில் "தாரி இவ்வண்டி". முட்டி வலித்தது, பிறகு வலித்ததா என்று தெரியவில்லை. கூட்டம் விட்டதும் வண்டியை எடுத்தேன். அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பிடிப்பது மாதிரி.

கண்டிகையில் ஒரு டீக்கடை. பவி போனைத் தூக்கிப் பார்த்தாள். "வந்துச்சு."

பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். நான் பக்கத்தில். முதல் இடம், கோயம்புத்தூர். திருவள்ளூர் ஆறாவதோ ஏழாவதோ.

"இது உங்க சித்தப்பா போட்ட வரிசையா?"

நிமிர்ந்து பார்த்தாள். "சித்தப்பா இத வேணாங்கறாரு நைனா. ரெண்டு வாரமா என்கூட சண்டை. நைனா ஒடைஞ்சு பூடுவாரு, கிட்டத்துலயே போடும்மானு சொல்லிகினே கீறாரு. நாந்தான் கேக்கல. எனக்கு அங்க போணும். நானேதான்."

டீக்கடைக்காரர் இரண்டு டீயை வைத்துவிட்டுப் போனார். நான் கேட்கவே இல்லை, அவராக வைத்தார்.

"நீ வேணாம்னு சொல்லு, மாத்திடறேன். இன்னும் டைம் கீது."

மாற்றுவாள். எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். ஒரு வாரமாக நான் யாரோடு மல்லுக்கு நின்றேனோ அவன் என் பக்கத்தில்தான் நின்றிருக்கிறான். தள்ளிப் போக ஆசைப்பட்டது இவள். இவள் மேல் நான் எப்படிப் பொறாமைப்பட?

"போடு" என்றேன்.

"நீயே அழுத்து நைனா."

விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினேன். ஏற்கப்பட்டது என்று வந்தது. டீ ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்ல மழை, கடைசியில்.

கேபிள்காரர் வந்தார், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. ஊசியால் குத்தி, அவர் கணக்கைப் போட்டுவிட்டு, "இனிமே அந்த எடத்துல கை வெக்காதீங்க சார்" என்றார். கோமளா உள்ளேயிருந்து "நல்லா சொல்லுங்க" என்றாள். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை, அதுவும் என்னோடு இல்லை.

மற்றதை நானும் தினாவும் உட்கார்ந்து செய்தோம். அவன் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு சொல்ல, நான் அழுத்த. சேனல் பதினொன்று. "அது உங்க சேனல் அண்ணா" என்றான். சிரித்துத் தொலைத்தேன்.

"பாஸ்வேர்ட் இன்னா வெக்கலாம்?"

"பழசே வெய்யி."

அவன் தட்டினான். பவிகுட்டி, பிறந்த வருஷம், எல்லாம் சின்ன எழுத்து. கேட்கவேண்டியிருந்ததைக் கேட்டேன்: "அந்தக் காவடி, சீட்டு எங்க கிடைக்கணும்னு வேண்டிகினு எடுத்த?"

"கிட்டத்துலனு" என்றான். "சாமி கேக்கல போலக்குது."

சாயந்திர ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். வேட்டி அளவு சரியாக இருக்கிறது. முட்டிக்கு எண்ணெய்.

ஒதுக்கீடு இன்னும் வரவில்லை. ஆனால் கோயம்புத்தூர்தான் வரும், அவள் மார்க்குக்கு வரும்.

இப்போது உள்பக்கம் திறந்து பார்த்தேன். எதையும் தொடவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். சேர்ந்திருக்கிற கருவிகள்: என் போன், கோமளா போன், டிவி. பவி போன் பக்கத்தில் பச்சைப் புள்ளி. பின் அறையில் இருக்கிறாள். தினா போன் பக்கத்தில் புள்ளி இல்லை, அரக்கோணம் தாண்டியிருப்பான்.

அங்கே ஹாஸ்டலில் எந்தச் சுவரில் என்ன பெட்டி மாட்டியிருக்கிறார்களோ. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அது அவள் போனைச் சேர்த்துக்கொள்ளும்.

அதன் மேல் இப்போதே பொறாமை.